இரண்டு கிழமைக்கு வரும் அக்கா: சிறுவர் இல்லங்களும் எங்கள் பிள்ளைகளின் கோடை விடுமுறையும்

ஈஸ்டர் விடுமுறை முடிந்தால் எங்கள் வானொலி நிலையத்துக்கு ஒரே மாதிரியான தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கும். "மகள் இப்ப ஏ லெவல் முதலாம் வருசம். ஓகஸ்ட்டில ஊருக்குப் போறம். இரண்டு கிழமை ஒரு அநாதைப் பிள்ளையளின்ர இல்லத்தில நிண்டு உதவி செய்ய விரும்புறாள். நல்ல இடமாப் பாத்து ஒண்டு சொல்லுங்கோ."

கேட்பவர்களின் நோக்கத்தில் எந்தக் குறையும் இல்லை. பிள்ளை ஊரை அறிய வேண்டும், நாலு பேருடைய கஷ்டம் தெரிய வேண்டும், தன் கையால் ஒரு வேலை செய்யப் பழக வேண்டும். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எழுதவும் ஏதாவது வேண்டும். அதையும் மறைக்கத் தேவையில்லை. இவ்வளவும் நியாயம்தான். ஆனால் "போகலாமா?" என்ற கேள்விக்கு நேரலையில் ஒரு நிமிடத்தில் விடை சொல்ல முடிவதில்லை. ஆகவே இந்த மாத உரையில் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதலில் "அநாதை" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தாய், தந்தை இருவரில் ஒருவரை இழந்தாலே யுனிசெப் நிறுவனத்தின் கணக்கில் அந்தப் பிள்ளை அநாதைதான். எங்கள் வழக்கம் அப்படியல்ல. தகப்பன் போரில் இறந்து, தாயும் அம்மம்மாவும் இருக்கும் பிள்ளையை ஊரில் யாரும் அநாதை என்று சொல்வதில்லை. ஆனால் அதே பிள்ளை ஒரு இல்லத்தில் சேர்ந்தவுடன், இலண்டனில் அச்சடிக்கும் துண்டுப்பிரசுரத்தில் "அநாதைச் சிறுவன்" ஆகிவிடுகிறான். இலங்கையின் சிறுவர் இல்லங்கள் பற்றி சேவ் த சில்ட்ரன் நிறுவனம் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேலானோருக்குத் தாயோ தகப்பனோ, அல்லது இருவருமோ உயிரோடு இருந்தார்கள். அப்படியென்றால் அவர்கள் ஏன் இல்லத்தில் இருந்தார்கள்? வறுமை, தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்குக்குப் போனது, பெற்றவர் மறுமணம் செய்தது, கிட்டடியில் நல்ல பாடசாலை இல்லாதது, இடப்பெயர்வு. அதாவது அந்தப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இல்லாமல் போகவில்லை. பெற்றோரிடம் பணம் இல்லாமல் போனது.

அம்பாறைக் கரையில் நடந்த ஒரு சம்பவம் பலருக்கு நினைவிருக்கும். 2004 மார்கழி 26ஆம் திகதி சுனாமி அடித்த அன்று இரண்டு மாதக் குழந்தை ஒன்று இடிபாடுகளுக்கிடையில் கண்டெடுக்கப்பட்டு கல்முனை ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டது. அன்று அங்கு கொண்டுவரப்பட்ட 81ஆவது ஆள் என்பதால் "பேபி 81" என்று உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. குழந்தையின் பெற்றோர் யார் என்பது முதலில் உறுதியாகவில்லை. மரபணுப் பரிசோதனை நடந்து, 2005 பெப்ரவரியில் அந்தக் குழந்தை தன் சொந்தத் தாய் தகப்பனிடம் சேர்ந்தது. சுனாமியில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளிலும் பெரும்பாலானோரை மாமன், மாமி, சின்னம்மா, பெரியப்பா என்று உறவினர்களே நீதிமன்றக் கட்டளை பெற்றுப் பொறுப்பெடுத்தார்கள். எங்கள் சமூகத்தின் பலம் அதுதான். வெளிநாட்டு நிறுவனங்கள் அதைப் பிறகுதான் பாராட்டி எழுதின.

இதனால் எங்கள் ஊர் இல்லங்கள் எல்லாம் வேண்டாதவை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கல்லடியில் இராமகிருஷ்ண மிஷன், தெல்லிப்பழையில் துர்க்காபுரம் மகளிர் இல்லம் போன்றவை பலரைப் படிக்கவைத்து ஆளாக்கியவை. போர்க்காலத்தில் செஞ்சோலை போன்ற இல்லங்களுக்கு இந்த நகரத்திலிருந்து மாதாமாதம் பணம் போனது. போக இடமில்லாத பிள்ளைக்கு அன்று வேறு வழி இருக்கவில்லை. இன்றைக்கும் வீட்டில் அடியும் துன்புறுத்தலும் இருக்கும் பிள்ளைக்கு இல்லம்தான் பாதுகாப்பு. ஆனால் இல்லம் என்பது கடைசி வழியாக இருக்க வேண்டும். 2009இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டிகளும் இதைத்தான் சொல்கின்றன.

நாங்கள் வாழும் இந்த நாடே இந்தப் பாடத்தைக் கஷ்டப்பட்டுத்தான் படித்தது. டொக்டர் பர்னார்டோ 1870இல் ஸ்ரெப்னியில் ஆண்பிள்ளைகளுக்கு இல்லம் திறந்தார். நல்ல நோக்கம், பெரிய மனது. ஆனால் பர்னார்டோவும் பிற தர்ம ஸ்தாபனங்களும் சேர்ந்து ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கப்பலேற்றிக் கனடாவுக்கு மட்டும் அனுப்பின. பிற்காலத்தில் அவுஸ்திரேலியாவுக்கும் அனுப்பினார்கள். அப்படிப் போனவர்களில் பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். சிலரிடம் "உன் தாய் செத்துவிட்டாள்" என்று பொய்யும் சொல்லப்பட்டது. 2010 பெப்ரவரியில் பிரதமர் கோர்டன் பிறவுண் பாராளுமன்றத்தில் அதற்காக மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு வந்தபோது அவர்களில் பெரும்பாலானோர் இறந்துவிட்டார்கள்.

இன்னொரு இலண்டன் கதை எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டாம் உலகப்போரில் இந்த நகரத்தில் குண்டு விழுந்துகொண்டிருந்த காலம். ஹாம்ஸ்ரெட்டில் அன்னா பிராய்ட் அம்மையார் தன் தோழி டொறதி பேர்லிங்ஹாமோடு சேர்ந்து சிறுவர் காப்பகங்கள் நடத்தினார். இவர் உளவியல் மேதை சிக்மன்ட் பிராய்டின் மகள். தகப்பனோடு வியன்னாவிலிருந்து தப்பி வந்தவர், அதாவது அவரும் எங்களைப் போல் ஓர் அகதி. தொடக்கத்தில் யார் கையில் வேலை இல்லையோ அவர் பிள்ளையைப் பார்ப்பார் என்ற முறைதான் இருந்தது. பிள்ளைகளுக்கு உணவு, உடை, துப்புரவு எல்லாம் சரி. ஆனாலும் பேச்சு வரவில்லை, பழக்கவழக்கம் வரவில்லை. பிறகு பிள்ளைகளைச் சிறு சிறு குடும்பங்களாகப் பிரித்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு "தாயை" நிரந்தரமாக விட்டார். முதலில் அழுகையும் பொறாமையும் சண்டையும் கூடியது. ஏனென்றால் இப்போதுதான் இழப்பதற்கு ஒருவர் கிடைத்திருக்கிறார். அதற்குப் பிறகு பேச்சும் வளர்ச்சியும் மளமளவென்று வந்தன.

ருமேனியாவில் 2000ஆம் ஆண்டளவில் தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்வும் இதையே அளந்து காட்டியது. இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப்பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் தெரிந்து வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சியும் மன வளர்ச்சியும் இல்லத்தில் நின்றவர்களை விட மேலாக இருந்தன. இரண்டு வயதுக்கு முன் போனவர்களுக்குப் பலன் இன்னும் கூட.

இப்போது எங்கள் மகளின் இரண்டு கிழமையை நினைத்துப் பாருங்கள். இலண்டனிலிருந்து ஒரு அக்கா வருகிறார். சொக்கிலேற் கொண்டுவருகிறார், தலை வாரிவிடுகிறார், மடியில் வைத்துக் கதை சொல்கிறார். பதினான்காம் நாள் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு விமானம் ஏறுகிறார். அக்காவுக்கு அது வாழ்நாள் அனுபவம். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு? முன்பே ஒரு தடவை தாயைப் பிரிந்த பிள்ளை அது. போன வருடம் ஒரு அண்ணா, ஈஸ்டருக்கு இரண்டு அக்காமார், இப்போது இவர். இத்தனை பிரிவுக்குப் பிறகு அந்தப் பிள்ளை புதிதாக வாசலில் இறங்கும் எவரிடமும் ஓடிப்போய்க் கையைப் பிடிக்கும். "ஐயோ, எவ்வளவு பாசமான பிள்ளை" என்று நாங்கள் உருகுவோம். யாரென்று தெரியாத ஆளிடம் கூச்சமே இல்லாமல் ஒட்டிக்கொள்வது இல்லத்தில் வளர்ந்த குழந்தைகளிடம் காணப்படும் ஒரு பாதிப்பு என்று இந்தத் துறை மருத்துவர்கள் சொல்வார்கள். சொந்த வீட்டில் வளரும் ஐந்து வயதுப் பிள்ளை முதல் நாள் தாயின் சேலைக்குப் பின்னால் ஒளியும். அதுதான் இயல்பு.

இனிப் பணம். கணக்காளன் என்பதால் இந்தப் பக்கம் எனக்குக் கண்ணில் படாமல் போகாது. கம்போடியாவில் 2005 முதல் 2010 வரையான ஐந்து வருடங்களில் அநாதை இல்லங்களின் தொகை 75 வீதம் கூடியது. அந்த ஐந்து வருடத்தில் அங்கே போர் நடக்கவில்லை, பெற்றோர் கூட்டமாக இறக்கவும் இல்லை. கூடியது சுற்றுலாப் பயணிகளும் அவர்களுடைய நன்கொடையும்தான். பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்குத் தாயோ தகப்பனோ இருந்தார்கள். நேபாளத்தில் நடந்தது இன்னும் மோசம். உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஹும்லா என்ற மலை மாவட்டத்துப் பெற்றோரிடம் "உன் பிள்ளையைக் காட்மண்டுவில் படிக்கவைக்கிறோம்" என்று சொல்லிப் பணமும் வாங்கிக்கொண்டு தரகர்கள் பிள்ளைகளைக் கொண்டுபோனார்கள். 2004இல் கொனர் கிரெனன் என்ற அமெரிக்க இளைஞர் அப்படியான பிள்ளைகள் இருந்த ஓர் இல்லத்தில் தொண்டராகப் போய்ச் சேர்ந்தார். அநாதைகள் என்று நினைத்த பிள்ளைகளுக்குத் தாய்மார் உயிரோடு இருப்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. 2006இல் திரும்பிப் போய், ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கி, பிள்ளைகளின் பெற்றோரைத் தேடி ஹும்லா மலைகளில் நாட்கணக்காக நடந்தார். தொண்டர் வேலை என்று இதைச் சொல்லலாம். ஆனால் இதற்கு எத்தனை வருடம் சென்றது என்பதையும் பாருங்கள்.

இவற்றுக்குப் பிறகுதான் நாடுகள் விழித்தன. 2018இல் அவுஸ்திரேலியா தன் நவீன அடிமைத்தனச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, இல்லங்களை நிரப்பப் பிள்ளைகளைக் கடத்துவதையும் அதில் அடங்கும் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. 2019 மார்கழியில் ஐ.நா. பொதுச்சபை இல்லங்களில் சுற்றுலாத் தொண்டு செய்வதால் வரும் தீங்கைத் தீர்மானத்திலேயே குறிப்பிட்டது. பிரித்தானிய வெளிநாட்டமைச்சின் பயண ஆலோசனையிலும் இதைப் பற்றிய எச்சரிக்கை இருக்கிறது.

எங்கள் ஊர் இல்லங்களைக் கம்போடியாவின் அந்த வியாபாரத்தோடு சேர்த்து எண்ணுவது அநியாயம். ஆனால் பணம் எந்த ஊரிலும் ஒரே விதமாகத்தான் ஓடும். இல்லத்தில் உள்ள பிள்ளைக்கு இலண்டனிலிருந்து பணம் வரும், வீட்டில் தாயோடு உள்ள பிள்ளைக்கு வராது என்றால், கிளிநொச்சியில் கூலிவேலை செய்யும் ஒரு தாய் என்ன முடிவெடுப்பார்? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பன்னிரண்டு மாணவர்கள் போகிறார்கள், ஆளுக்கு ரிக்கற் 900 பவுண் என்று வைப்போம். மொத்தம் 10,800 பவுண். ஒரு பவுணுக்கு 400 ரூபாய் என்று வைத்தால் 43 இலட்சத்து 20 ஆயிரம் ரூபாய். தன் பிள்ளையைத் தன்னோடு வைத்திருக்க ஒரு தாய்க்கு மாதம் 15,000 ரூபாய் கொடுத்தால் வருடத்துக்கு 1 இலட்சத்து 80 ஆயிரம். அந்த ரிக்கற் காசில் 24 குடும்பங்கள் ஒரு வருடம் பிரியாமல் இருக்கும். எப்படியும் ஊருக்குப் போகிறவர்கள் போகட்டும், அது வேறு செலவு. இந்த வேலைக்கென்றே கூட்டமாக விமானம் ஏற்றுவதைத்தான் சொல்கிறேன்.

அப்படியென்றால் பிள்ளைகளை வீட்டில் இருத்தி வைப்பதா? இல்லை. செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது, அதுவும் எங்கள் பிள்ளைகளுக்கென்றே அமைந்ததுபோல.

இல்லத்தில் உள்ள பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. படம் எடுக்க அவர்கள் அழகான குழந்தைகள் அல்ல. பதினெட்டு வயதானதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே வர வேண்டும். வங்கிக் கணக்குத் திறக்கத் தெரியாது, நேர்முகப் பரீட்சைக்குப் போகத் தெரியாது, சம்பளத்தில் எவ்வளவு மிச்சம் பிடிப்பது என்று சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை. இவர்களுக்குத் தேவைப்படுவது ஆங்கிலத்தில் பேசிப் பழக ஒரு சோடி, கணினியில் தன்விவரம் தயாரிக்க ஒரு துணை. எங்கள் பதினெட்டு வயதுக்காரரும் அவர்களும் ஒரே வயதுக்காரர். ஒருவர் மடியில் ஒருவர் ஏறப்போவதில்லை. சரிசமமாகப் பேசலாம்.

இதைக் கிழமைக்கு ஒரு மணித்தியாலம், ஒரு வருடம் முழுக்க, இங்கிருந்தபடியே கணினித் திரையில் செய்யலாம். இரண்டு கிழமை நேரில் நிற்பதை விட அந்த ஐம்பது சனிக்கிழமைகளுக்குப் பெறுமதி கூட. ஓகஸ்ட்டில் ஊருக்குப் போகும்போது அதே ஆட்களை நேரில் சந்தித்தால் அது தொண்டு அல்ல, நட்பு. பிரித்தானிய அரசு 2011 முதல் 18 தொடக்கம் 25 வயது வரையானவர்களை மூன்று மாதம் வெளிநாடுகளுக்கு அனுப்பும் ஒரு திட்டம் நடத்தியது. 2020இல் கொரோனாவோடு பயணங்கள் நின்றன, இப்போது அத்திட்டம் இல்லை. அதில் எனக்குப் பிடித்த விடயம், இங்கிருந்து போகும் ஒருவரை அந்த நாட்டு இளைஞர் ஒருவரோடு சோடி சேர்த்து வேலை செய்ய விட்டது. எங்கள் பிள்ளையை யாழ். பல்கலைக்கழக மாணவர் ஒருவரோடு சேர்த்துவிட்டால் பாதிப் பிழை நடக்காது. எங்கள் பிள்ளையின் தமிழும் கொஞ்சம் நிமிரும்.

இல்ல நிர்வாகிகளுக்கும் உதவி தேவை. கணக்குப் புத்தகத்தைக் கணினியில் ஏற்றுவது, பிள்ளைகளின் மருத்துவக் குறிப்புகளை ஒழுங்கு செய்வது, நூலகப் பட்டியல் போடுவது. பிள்ளையைத் தொடாமல் பிள்ளைக்குச் செய்யும் வேலைகள் இவை. கேட்க மந்தமாக இருக்கும். எங்கள் பிள்ளைகள் உண்மையாக எதையாவது பழகுவதும் இந்த இடத்தில்தான். குறித்த நேரத்தில் கணினிக்கு முன்னால் வந்து இருப்பது, மற்றவர் பேசி முடிக்கும்வரை பொறுப்பது, தயாரித்த பாடம் பிழைத்தால் வேறு விதமாகச் சொல்லிப் பார்ப்பது, செலவுக்குப் பற்றுச்சீட்டு வைப்பது, "எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லப் பழகுவது. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் 2026 அனுமதி முதல் ஒரே நீண்ட கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்விகள் வந்துவிட்டன. மூன்றாவது கேள்வி, கல்விக்கு வெளியே என்ன செய்தாய், அது ஏன் பயன்பட்டது என்று கேட்கிறது. "இரண்டு கிழமை அநாதைகளோடு நின்றேன், என் வாழ்க்கை மாறியது" என்று எழுதுகிறவர்கள் ஆயிரம் பேர். ஒரு வருடம் ஒரே மாணவிக்குப் படிப்பித்து, எது சரிவந்தது எது சரிவரவில்லை என்று எழுதக்கூடியவர் குறைவு. எடின்பரோ கோமகன் விருதில் தங்கப் பதக்கத்துக்குப் போகிறவர்களுக்கும் தொண்டுப் பகுதி பன்னிரண்டு மாதம்தான். அந்த வேலையை ஏற்பார்களா என்று பாடசாலைப் பொறுப்பாசிரியரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

இங்கே ஒரு விடயம் என் மனதை உறுத்துவது. இலண்டனில் கவுன்சிலின் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளில் தனியாக வந்த அகதிப் பிள்ளைகளும் உண்டு. அவர்களோடு நட்பாகப் பழக "சுயாதீன வருகையாளர்" என்ற தொண்டர்களை 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் ஏற்படுத்தியிருக்கிறது. அதற்கு விண்ணப்பித்தால் குற்றப் பதிவுச் சோதனை, பயிற்சி, நேர்முகம் எல்லாம் நடக்கும். பெரும்பாலும் இரண்டு வருடமாவது நிற்பேன் என்று வாக்குக் கேட்பார்கள். ஹரோவில் உள்ள பிள்ளையைப் பார்க்க இவ்வளவு. முல்லைத்தீவில் உள்ள பிள்ளையைப் பார்க்க ஒரு ரிக்கற்றும் ஒரு பை சொக்கிலேற்றும் போதுமா? இருபது வயது கடந்த எங்கள் இளையவர்கள் இந்த வேலைக்கும் விண்ணப்பிக்கலாம். அகதியாக வந்து தனித்து நிற்பதென்றால் என்ன என்று அவர்கள் வீட்டிலேயே கேட்டறிந்தவர்கள்.

ஊருக்கே போவதென்று முடிவெடுத்தவர்களுக்கு, பத்திரங்கள் பற்றிச் சுருக்கமாக. அந்த இல்லம் மாகாண நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் பதிவுள்ளதா, வெளியார் வந்து நிற்கத் திணைக்களம் அனுமதிக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டில் பிள்ளைகளோடு வேலை செய்வோருக்கென்று ஏக்ரோ என்ற பொலிஸ் பதிவு அலுவலகம் சர்வதேச சிறுவர் பாதுகாப்புச் சான்றிதழ் கொடுக்கிறது, அதை எடுத்துக்கொண்டு போங்கள். இல்லம் அதைக் கேட்காவிட்டால், ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் யோசிக்க வேண்டும். சுற்றுலா விசாவில் போய்த் தொண்டு வேலை செய்யலாமா என்பதை ஹைட் பார்க் கார்டன்ஸில் உள்ள இலங்கைத் தூதரகத்தில் கேட்டுத் தெளிவாக்குங்கள்.

பணம் சேர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வரி கட்டும் ஒருவர் பதிவுசெய்த தர்ம ஸ்தாபனத்துக்கு ஒரு பவுண் கொடுத்தால், கிஃப்ட் எயிட் மூலம் அரசு இன்னும் 25 பென்ஸ் சேர்க்கும். ஆனால் சேர்த்த பணத்தில் உங்கள் மகனின் பயணச் செலவையே ஸ்தாபனம் கட்டுகிறது என்றால், அவனுக்காக நீங்களும் நெருங்கிய உறவினரும் கொடுத்த தொகைக்கு அதைக் கோர முடியாமல் போகலாம். பயணச் செலவு வேறு, நன்கொடை வேறு என்று ஆரம்பத்திலேயே பிரித்து வையுங்கள். ஸ்தாபனத்தின் ஆண்டுக் கணக்கைத் தர்ம ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் யாரும் பார்க்கலாம். பத்து நிமிட வேலை. எங்கள் ஆட்கள் சேலை வாங்க ஈலிங் ரோட்டில் அரை நாள் சுற்றுவார்கள், இதைப் பார்க்க மாட்டார்கள்.

பிறந்தநாளுக்கும் ஆண்டுத் திவசத்துக்கும் இல்லத்தில் மதியச் சாப்பாடு கொடுக்கும் வழக்கம் எங்களிடையே உண்டு. நல்ல வழக்கம், விட வேண்டாம். ஆனால் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தித் தேவாரம் பாடவைத்து, நன்றி சொல்லவைத்து, கேக்கோடு படம் எடுத்து முகநூலில் போட வேண்டாம். அந்தப் பிள்ளை நாளைக்கு வேலை கேட்டுப் போகும் இடத்தில் அந்தப் படம் கிடக்கும். பணத்தைக் கொடுத்துவிட்டு, வழமையான ஒரு செவ்வாய்க்கிழமைச் சமையலுக்குப் பாவியுங்கள் என்று சொன்னால் போதும். ஊரில் நிற்கும்போது ஒரு பிள்ளைக்கு ஏதும் துன்பம் நடப்பதாகக் கண்டால் அங்குள்ளவர்களோடு வாக்குவாதப்பட வேண்டாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் அவசர இலக்கம் 1929, அதற்கு அறிவியுங்கள்.

சனிக்கிழமை வகுப்பு நடத்த விரும்புகிறவர்களுக்கு நேரம் பற்றி ஒரு சொல். இப்போது கோடைகாலக் கணக்கில் இங்கு காலை 10 மணி என்றால் அங்கு பிற்பகல் 2.30. ஒக்டோபர் கடைசி ஞாயிறு எங்கள் மணிக்கூடு பின்னுக்குப் போனதும் அது 3.30 ஆகிவிடும். அங்குள்ள பிள்ளைகளுக்கு இதை முதல் கிழமையே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் ஒரு மணித்தியாலம் திரைக்கு முன்னால் உங்களைப் பார்த்துக் காத்துக்கொண்டிருப்பார்கள்.